சத்தம் போட்டு வாங்க

என் கல்யாண ஆல்பத்தில் முக்கால்வாசிப் படங்களில் என் நாத்தனார் மூக்குக் கண்ணாடி இல்லாமல் இருக்கிறார். ஒரு படத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ பார்த்து மரியாதையாகக் கும்பிடுகிறார். அது மண்டபத்துத் தூண். பாவம், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. எல்லாம் என் முழங்கை செய்த வேலை.

மும்பையில், மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை முன்னால் இருந்து முதல் முடிச்சைப் போடுவார்; மற்ற இரண்டையும் நாத்தனார் பின்னால் நின்று போடுவார். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை வந்து விழுந்தது, அவர் முதல் முடிச்சைப் போட்டார். அப்போது என் பிடரியில் ஒரு விரல் பட்டது. அடுத்து நடந்தது எனக்கே தெரியாது. கை தானாகப் பின்னால் போனது. 'ஐயோ' என்று ஒரு குரல் கேட்டது. நாத்தனாரின் கண்ணாடி பறந்துபோய்ப் புரோகிதர் மடியில் விழுந்தது. ஒரு பக்கத்துச் சில்லில் கீறல் விழுந்துவிட்டது.

மேளம் நிற்கவில்லை. முகூர்த்த நேரம் யாருக்காகவும் காத்திருக்காது என்பது மேளக்காரருக்குத் தெரியும். மாப்பிள்ளை ஒரு நொடி திகைத்தார். பிறகு இரண்டு கைகளையும் என் கழுத்தைச் சுற்றி நீட்டி, முன்னால் உட்கார்ந்தபடியே தடவித் தடவி மீதி இரண்டு முடிச்சையும் அவரே போட்டுவிட்டார். அவர் கன்னம் என் காதோரம் இருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. எனக்குத் துளிகூடப் பயமில்லை. அந்த ஆளை எனக்கு அந்த நிமிஷமே ரொம்பப் பிடித்துப்போனது.

மேடைக்குக் கீழே சொந்தக்காரர்கள், "தாலி ஏறுறதுக்குள்ளயே நாத்தனார் சண்டையா" என்று சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சம்பந்தி வீட்டாரிடம் ஓடிப்போய், "அவளுக்குச் சின்னதுலேர்ந்தே பயந்த கோளாறு உண்டு, ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர், பயந்த கோளாறு. சின்ன வயதில் அம்மா என்னைத் தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறாள். அந்தக் கயிற்றைக்கூட முன்னால் நின்றுதான் கட்ட வேண்டியிருந்ததாம். பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுக்குப் போவேன். லோக்கல் ரயிலில் தடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். செம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பின்னால் சுவர், எதிரே கதவு. சம்பளத்துக்காக அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தச் சுவருக்காகத்தான்.

நான் பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், தாராவியை ஒட்டிய ஒரு சந்தில். அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். அதனால் அங்கே எல்லோரும் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். காலையில் தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு இட்லிக்காரர் பாம் பாம் என்று ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு வருவார். பட்டறைகளுக்குத் தோலும் துணியும் மூட்டை மூட்டையாகச் சுமந்து போகிறவர்கள் சந்து முனையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்: "சைடு! சைடு! சைடு!" தமிழனோ பிகாரியோ மராட்டிக்காரனோ, எல்லோருக்கும் அந்த ஒரே கூப்பாடுதான். கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே சுவரோடு ஒட்டிக்கொள்வோம். மூட்டை தோளை உரசிக்கொண்டு போகும். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம்.

என் கணவர் வீட்டாரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். ஆனால் மாமனாருக்கு ஆபீஸ் வேலை கிடைத்து அவர்கள் செம்பூர் ஃபிளாட்டுக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவர்கள் இருந்தது மாடி. கீழ் வீட்டு உரிமையாளருக்குத் தீராத தலைவலி. மேலே ஒரு டம்ளர் உருண்டால்கூட விளக்குமாற்றுக் கட்டையால் கூரையில் இடிப்பாராம். எனவே என் மாமியார் பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தபோதே நுனிக்காலில் நடக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். கதவைச் சாத்தும்போது கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ் வீட்டுக்காரர் காலமாகி வெகுநாளாகியும் அந்தக் குடும்பம் இன்னும் அவருக்காக, தூங்கும் குழந்தையைத் தாண்டுகிற மாதிரியே நடக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எனக்குப் புருஷன். புது ஃபிளாட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் சமையலறையில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருப்பேன். அவர் ஆபீஸிலிருந்து வருவார், சாவி போடும் சத்தம் கேட்காது, கதவுச் சத்தம் கேட்காது, கால் சத்தம் கேட்காது. இடுப்பில் ஒரு கை மட்டும் வரும். எந்தப் புதுப் பெண்டாட்டியும் ஆசைப்படுகிற கைதான். எனக்கு உயிரே போய்விடும். அலறல், கரண்டி வீச்சு, சுவரெல்லாம் சாம்பார். ஒருமுறை அவர் சட்டையில் முருங்கைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடேயே அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு அவர் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். தான் ரொம்ப முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறோம், இன்னும் மென்மையாக இருக்க வேண்டும் என்று. வாசற்கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினார். பஞ்சு மாதிரி ஒரு செருப்பு வாங்கி வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டார். அதுவரை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓசையும் நின்றுபோனது. நல்ல மனிதர் பக்கத்து அறையிலிருந்து காற்றில் மிதந்து வருவார். நான் முன்னைவிடப் பெரிதாக அலறுவேன். அவர் இன்னும் மென்மையாக ஆவார். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

அவரை அதிகமாகக் குழப்பியது வேறொன்று. கணபதி ஊர்வலத்தில் ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று நான் பேல்பூரி தின்பேன். தலைக்கு மேல் இடி விழுந்தாலும் புரண்டு படுத்துத் தூங்குவேன். குக்கர் விசில், பட்டாசு எதற்கும் அசைய மாட்டேன். ஆக இது பயம் இல்லை, தன் கை பட்டால் மட்டும்தான் துள்ளுகிறாள் என்று அவர் கணக்குப் போட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். முன்னால் இருந்து வந்தால் நான் நல்ல பெண்டாட்டிதான். கொஞ்சலுக்கும் முத்தத்துக்கும் குறை வைத்ததில்லை. ஆனால் ஒருநாளும் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்ததில்லை. கட்டிலில் சுவரோரம் என்னுடைய இடம். தூக்கத்தில் நான் புரண்டிருக்கும்போது அவர் கை தோளில் விழுந்தால் அடுத்த நொடி நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

மெல்ல மெல்ல அவர் கையை எடுத்துக்கொண்டார். முதலில் சமையலறைக்குள் வருவதை நிறுத்தினார். அப்புறம் என்னைக் கடந்துபோக நேர்ந்தால் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு போவார், கூட்ட ரயிலில் பெண்கள் பக்கத்தில் நிற்க நேர்ந்த ஆண்கள் இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொள்வார்களே, அதுபோல. தன் வீட்டில், தன் மனைவியிடம். பிறகு முதுகுவலி என்று சொல்லி ஹாலில் இருந்த திவான் மெத்தைக்குப் போய்விட்டார். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைப்பார்களே, அந்த ஒரு மாதம் நாங்கள் இருவருமே நிம்மதியாகத் தூங்கினோம் என்று நினைக்கிறேன். யாரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"புனே பிராஞ்சுக்கு மாத்தல் கேக்கலாம்னு இருக்கேன். வாரக் கடைசியில வந்துட்டுப் போறேன். உனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

"எனக்கு என்ன நிம்மதிக் கொறச்சல்?"

"நான் பக்கத்துல வந்தாலே நீ நடுங்குறியே. எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தால் எங்கள் சந்துப் பேச்சு வந்துவிடும். "ஆமா, நீங்க புனேக்குப் போனா நான் தலைகால் தெரியாம கூத்தாடுவேன்! போறதுன்னா போயிட்டு வாங்க, யாரு பிடிச்சு வச்சிருக்கா" என்று கத்திவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டேன். போகாதீர்கள் என்று சொல்ல வந்தவள், போங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் நடுங்குகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. பயந்த கோளாறு என்று அம்மா சொன்னாள், நானும் அதை என் குணம் என்றே நம்பிவிட்டேன். அந்த மனிதர் என்னை விட்டுப் போகப் போகிறார், நிறுத்துவதற்கு என்னிடம் ஒரு காரணம்கூட இல்லை. அன்றைக்கு ஒரு தோசைக்கல்லை அதன் ஆயுளுக்கும் போதுமான அளவு தேய்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றல் விஷயத்தைச் சொல்ல இருவரும் லேபர் கேம்ப்புக்குப் போனோம். அவர் கையில் அப்பாவுக்காக வாங்கிய அல்வாப் பொட்டலம். சந்துக்குள் நான் முன்னால், அவர் பின்னால் கொஞ்சம் தள்ளி, கைகள் வழக்கம்போல் பத்திரமாக. எதிர் வீட்டு அத்தை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்று அவளிடம் பேச ஆரம்பித்தேன். பழைய வீடுகளை இடித்துப் புதுசு கட்டித் தருகிறோம் என்று இடத்தை அளந்துவிட்டுப் போனார்களே, வீடு எப்போது கிடைக்குமாம் என்று நான் கேட்டதும் அவள் பெரிய கதையைத் தொடங்கினாள். அப்போது பின்னாலிருந்து "சைடு! சைடு!" என்று கூப்பாடு வந்தது. என் உயரத்துக்கு ஒரு துணிமூட்டை, அதற்கடியில் ஒரு ஆள். நான் திரும்பவில்லை, சுவர்ப்பக்கம் ஒதுங்கினேன். போதவில்லை. அந்த ஆள் மூட்டையைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றை விட்டு, என் முதுகில் உள்ளங்கையை வைத்து இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுக் கடந்து போனான். நான் அத்தையிடம், "பிறகு என்ன சொன்னானாம் அந்த ஆபீஸர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்து திரும்பிப் பார்த்தால் என் கணவர் அல்வாப் பொட்டலத்தோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அவன் உன் முதுகுல கை வச்சான்" என்றார்.

"யாரு?"

"மூட்டைக்காரன். பின்னாலேர்ந்து கை வச்சான். நீ அசையவே இல்ல."

"அவன்தான் சைடு சைடுன்னு கத்திட்டு வந்தானே" என்றேன்.

சொன்னது நான்தான், ஆனால் யாரோ சொல்லக் கேட்ட மாதிரி இருந்தது. அத்தை வெங்காயத்தோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மாப்பிள்ளைய வெயில்ல நிறுத்தி வச்சிருக்க, கூட்டிட்டுப் போ" என்றாள்.

வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி நடந்து பெரிய சாலைக்கு வந்து ஒரு கரும்புச் சாற்றுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சக்கரம் சலங்கையோடு சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் நான் அவரிடம் முதல்முறையாக என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அப்பா பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். எப்போது வீட்டுக்கு வருவார் என்று சொல்ல முடியாது. வருவதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். சந்து முனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வருவார். அம்மா வாசலில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறாளா, நான் படிக்காமல் டிவி பார்க்கிறேனா என்று சத்தமில்லாமல் நின்று பார்ப்பார். பிறகு அடி விழும். எப்போதும் முதுகில், உள்ளங்கையை விரித்து. சில நாள் கையில் இருக்கும் செருப்பால். அவர் குடிகாரர் அல்ல. அதனால் வாடையும் வராது, தடுமாற்றமும் கேட்காது. "பூனை கணக்கா வந்து கையும் களவுமாப் பிடிச்சேன் பாத்தியா" என்று சித்தப்பாவிடம் பெருமையாகச் சொல்வார். கையும் களவுமாக என்றால் என்ன, அம்மா எதிர் வீட்டு அத்தையிடம் கொத்தமல்லி கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அந்தச் சந்தில் சத்தம் போட்டு வந்தவர்கள் ஒருவரும் என்னை அடித்ததில்லை. இட்லிக்காரர் அடிக்கவில்லை, மூட்டைக்காரர்கள் அடிக்கவில்லை. சத்தமில்லாமல் வந்தது ஒரே ஒரு ஆள்தான். இதை நான் அன்றைக்குத்தான் சொல்லாகக் கோத்துச் சொன்னேன், இரண்டாவது டம்ளர் கரும்புச் சாற்றுக்கு நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

என் கணவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஞ்சுச் செருப்பைவிடக் கொஞ்சம் கௌரவமான ஒரு ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

"நான் கீலுக்கு எண்ணெய் போட்டேன்" என்றார்.

"ஆமா."

"சாக்ஸ் மாட்டினேன்."

"ஆமா."

"ஐயோ கடவுளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சக்கரத்தை நிறுத்திவிட்டார். சத்தம் இருக்கட்டும் அண்ணா, சுத்துங்க என்று இந்தியில் கேட்டுக்கொண்டேன்.

பிறகு அம்மா வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்கு ஏற்கெனவே பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. அலுமினிய நடைவண்டியை ஊன்றித்தான் நடக்கிறார். தட், சர்ர், தட், சர்ர். கழிப்பறைக்குப் போய்விட்டு அவர் சந்தில் திரும்பி வரும் ஓசை வீட்டுக்குள் கேட்டது. அம்மா சோற்றை வடித்துக்கொண்டே, "இப்பம் உங்கப்பா வாரது மெயின் ரோட்டுக்கே கேக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். அன்றிலிருந்து என் கணவருக்கும் தெரியும்.

"வாங்க மாப்ள, சௌக்கியமா" என்றார் அப்பா. நான் அப்பாவை மன்னித்துவிட்டேனா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மாத்திரை வாங்கித் தருகிறேன், டாக்டரிடம் அழைத்துப் போகிறேன், அவர் இருக்கும் அறையில் சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறேன். மூன்றும் நடக்கிறது. என் கணவர் அல்வாவைக் கொடுத்தார், உடம்பை விசாரித்தார், குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் எப்போதும் அப்பா பக்கத்தில் உட்காருகிறவர், அன்றைக்கு எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். புனே பற்றிய பேச்சை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முழுக்கத் தொப் தொப் என்று மிதித்து நடந்தார். எதிர் வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு ஏதும் கோவமாட்டி?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

அடுத்த வாரம் அவர் தாராவிக் கடை ஒன்றில் இட்லிக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஹாரன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வாசற்கதவைத் திறந்ததும் பாம். ஹாலில் பாம். சமையலறைக்கு முன்னால் பாம் பாம். மென்மையாக வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஹாரனில் அப்படியொரு சந்தோஷம். நாலைந்து நாள் ஓடியது. ஒரு காலையில் மணி அடிக்கிறதே என்று திறந்தால் பக்கத்து ஃபிளாட் மராத்தி ஆன்ட்டி தூக்குச் சட்டியோடு நிற்கிறாள். "இட்லிவாலா உங்க வீட்டுக்குள்ளேயே வர்றானா? எனக்கும் எட்டு குடுக்கச் சொல்லு, சட்னி தனியா" என்று இந்தியில் சொன்னாள். நான் அன்றைக்கு ஊற்றி வைத்திருந்த இட்லியில் எட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளும் வந்தாள். ஹாரனைப் பரணில் போட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'சைடு'. மூட்டைக்காரர்களின் கூப்பாட்டை அவர் வாயில் கேட்க வேண்டும். கீழ் வீட்டுத் தலைவலிக்காரர் இன்னும் மனதுக்குள் குடியிருக்கிறார் அல்லவா, குரல் எழும்பாது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கேட்கிற மாதிரி, "சைடு... சைடு..." என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் வருவார். பிறகுதான் கை வரும். முதல் நாள் என் தோள் இறுகியது, ஆனால் கரண்டி கையிலேயே இருந்தது. சில நாள் கழித்து இறுக்கமும் குறைந்தது. திவானிலிருந்து அவர் கட்டிலுக்குத் திரும்பி வந்ததும் அந்தச் சொல்லோடுதான். அதற்குமேல் சொல்ல மாட்டேன், என் மாமியார் தமிழ் படிப்பார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம்தான். அப்படி இல்லை. சில நாள் அவர் சைடு சொன்னாலும் உடம்பு துள்ளும். எங்கள் பல் டாக்டரம்மா சொல்லி ஒரு மனநல கவுன்சிலரிடமும் போய்வருகிறேன். முதல் நாள் அறைக்குள் போனதும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பயப்படுவது நான் இல்லை, என் முதுகு இன்னும் அந்தச் சந்திலேயே ஒரு ஆளை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது, அதற்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நாளாகும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. புனே மாற்றலை என் கணவர் கேட்கவே இல்லை.

போன ஆடிப்பெருக்குக்கு நாத்தனார் நவி மும்பை நெருளிலிருந்து வந்திருந்தார். தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றும் நாள். ஊரில் ஆற்றங்கரையில் செய்வார்கள். எங்களுக்கு வாய்த்தது ஊர்ச் சாக்கடையெல்லாம் கலக்கும் மித்தி ஆறு. அதன் கரைக்குப் புதுப்பெண்ணை அனுப்பினால் மஞ்சளும் தாங்காது, மூக்கும் தாங்காது. அதனால் குளியலறைக் குழாய்தான் எங்கள் தாமிரபரணி. அதற்கு முந்தின ஆடியில் அம்மா வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நானே முன்பக்கம் முடிச்சுப் போட்டு, கயிற்றைச் சுற்றிப் பின்னால் தள்ளிவிட்டேன். அடக்கமான பெண், தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாள் என்று கேள்விப்பட்ட மாமியார் மெச்சினார்.

இந்த முறை நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மதினி, நீங்க கட்டுங்க" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாத்தனார் முதலில் தன் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இது புதுசு. போன மாசம்தான் போட்டேன்" என்றார். பிறகு தம்பியைப் பிடித்து என் பின்னால் தள்ளினார். "அன்னைக்கு என் முடிச்சையும் சேத்துக் கட்டினவன் நீதானே. இன்னைக்கும் நீயே கட்டு. நான் அந்த மூலையில நின்னு பாக்குறேன்" என்று சொல்லி உண்மையாகவே மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

வெளியே நல்ல மழை. நான் குழாய் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே கண்ணாடி இல்லை, முதுகுக்குச் சுவர் இல்லை. பின்னலை எடுத்து முன்பக்கம் போட்டுக்கொண்டேன். பிடரியில் காற்று பட்டது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவருக்கும் பயம் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"சைடு..." என்றார், அர்ச்சனைச் சீட்டுக் குரலில்.

மூலையிலிருந்து நாத்தனார், "என்னடா அது, தாலி கட்டும்போது மூட்டை தூக்குறவன் மாதிரி!" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. அவர் விரல்கள் என் பிடரியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்டாடின.

"சிரிக்காத. முடிச்சு விழ மாட்டேங்குது."

"அவசரமில்ல" என்றேன், திரும்பிப் பார்க்காமல். "மெதுவாவே கட்டுங்க."